நம்பிக் கொடுத்த சாவி

மொச்சைக்குளம் குடிநீர் அலுவலகத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அந்த ஒன்று இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

அதிகாரியின் பெயர் ஞானசிகாமணி. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. கைக்குழந்தையைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? எழுத்தர் சவரிமுத்து. தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்து தண்ணீர் விடுகிறவர் உச்சிமாகாளி.

ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் அலுவலகத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறோம். அதற்குள் மக்களின் நம்பிக்கையைப் பெற்று, அதற்கான சான்றுடன் காத்திருக்கவும்.'

ஊரில் எட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுது. அது ஞாயிற்றுக்கிழமையே சரியாகி, தொட்டியும் நிறைந்து நின்றது. வால்வைத் திறந்தால் விஷயம் முடிந்தது. உச்சிமாகாளி வால்வு திறக்கிற இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக் கிளம்பவும் செய்தார். அந்தச் சாவி அவர் நெஞ்சு உயரம் இருக்கும்.

"எங்கவே போறீரு?" என்றார் ஞானசிகாமணி.

"தண்ணி விட, சார்."

"லெட்டர்ல தண்ணின்னு ஒரு வார்த்தை இருக்கா? நம்பிக்கைன்னுதான் போட்டிருக்கு. முதல்ல அதைப் பாப்போம். தண்ணி எங்கயும் ஓடிராது."

உச்சிமாகாளி சாவியை இறக்கி வைத்தார். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். நம்பிக்கைக்குச் சான்று எது என்பதில் மதியச் சாப்பாடு வரைக்கும் தெளிவு பிறக்கவில்லை. சாப்பிட்டதும் உச்சிமாகாளிக்குப் பிறந்தது.

"என் பெண்டாட்டி ஊருக்குப் போறப்ப வீட்டுச் சாவிய அடுத்த வீட்டு அக்காகிட்டதான் கொடுத்து, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போவா. என்கிட்டத் தர மாட்டா. அந்த அக்கா மேல அவ்வளவு நம்பிக்கை."

"அப்போ சாவிதான் சான்று," என்றார் சவரிமுத்து.

மறுநாள் கோணிப்பையோடு வீடுவீடாகப் போனார்கள். சாவி கொடுத்தால் தண்ணீர் வரும் என்று ஜனங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். எட்டு நாள் குளிக்காத ஊர் எதைக் கேட்டாலும் கொடுக்கும். சும்மா கொடுத்த சாவியைச் சவரிமுத்து வாங்கவில்லை. பூட்டாத வீட்டின் சாவி வெறும் இரும்பு என்று விளக்கினார். ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டுக் கொடுத்தார்கள். நூற்று இருபத்தேழு சாவிகள் சேர்ந்தன. நூற்று இருபத்தேழு குடும்பங்கள் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்தன.

டிபன் கடை காந்திமதியிடம் மட்டும் சாவி இல்லை. அவளுக்குக் கடைதான் வீடு. கடைக்குக் கதவு கிடையாது, படுதாதான்.

"எனக்கு வெள்ளிக்கிழமை காலையில ஒரு கல்யாணத்துக்கு இட்லி ஆர்டர் இருக்கு சார்," என்றாள் அவள். "முந்நூறு பேர். தண்ணி இல்லேன்னா அதோட என் கடைய மூட வேண்டியதுதான். இனிமே ஒருத்தன் எனக்கு ஆர்டர் தர மாட்டான்."

ஞானசிகாமணிக்கு உண்மையாகவே மனம் இளகியது. மூவரும் தனியே போய்ப் பேசினார்கள்.

"ஒருபக்கமா வாங்கிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு பறிமுதல் சார்," என்றார் சவரிமுத்து. "நாமளும் அவங்களை நம்பணும். சாவி இல்லாத அம்மாகிட்ட நம்ம சாவியக் கொடுத்துருவோம்."

வால்வுச் சாவியைக் காந்திமதியின் கையில் கொடுத்தார்கள். அவள் வாங்கின கையோடு வால்வுக் குழியைப் பார்த்து நடந்தாள். மூவரும் பதறிப்போய் மறித்தார்கள்.

"என்னம்மா இது? நம்பிக் கொடுத்த சாவிய யாராவது எடுத்துத் திறப்பாங்களா?"

"அப்போ நீங்களே வாங்கித் திறங்க."

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா உங்களை நம்பலேன்னு ஆயிருமே."

இதே நியாயப்படி, வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களும் தலை குனிந்து திரும்பினார்கள். மொச்சைக்குளத்துக்காரர்களுக்கு மானம் பெரிது. மூளையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வியாழன் மதியம் வரை காந்திமதி அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகையாக வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைச் சுமந்துபோய் ஞானசிகாமணியின் மேஜைமேல் வைத்தாள்.

"நான் ஊருக்குப் போறேன் சார். இந்தச் சாவிய உங்களை நம்பிக் கொடுக்கேன். திரும்பி வர்ற வரைக்கும் கடை வாசல்ல இருக்க துளசிக்குத் தண்ணி ஊத்துங்க."

மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அடுத்த வீட்டு அக்காவும் அதைத்தானே செய்கிறாள்? சாவி வாங்கினால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு வால்வைத் திறக்க வேண்டும். இதைச் சவரிமுத்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தார், சரியாகத்தான் வந்தது. உச்சிமாகாளி ஓடிப்போய்த் திறந்தார்.

காந்திமதி அண்டா, குண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பினாள். வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் முந்நூறு பேரும் சாப்பிட்டு, சட்னி இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். சந்தோஷமாகக் கடைக்குத் திரும்பியவள் வாசலில் அப்படியே நின்றாள்.

மூவரும் குடம் குடமாகத் துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். துளசித் தொட்டி மிதந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இத்தனை நாளாகக் காற்று மட்டும் வந்த குழாய்களை யாரும் மூடி வைக்கவில்லை. பூட்டிய நூற்று இருபத்தேழு வீடுகளின் கதவிடுக்கு வழியாகவும் தண்ணீர் வழிந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒற்றைச் செருப்பு தானாக வெளியே வந்தது.

"போதும் சார், வால்வை மூடுங்க. நான்தான் வந்துட்டேனே."

"நீங்க ஊருக்கே போகலியேம்மா," என்றார் ஞானசிகாமணி வருத்தமாக. "போகாதவங்க எப்படித் திரும்பி வர முடியும்?"

அதற்குள் ஊரே கூடிவிட்டது. மானத்தை விட்டுச் சாவியைக் கேட்டது. சவரிமுத்து யோசித்துவிட்டு, அடுத்த வீட்டு அக்கா எப்போது சாவியைத் திருப்பித் தருவாள் என்று உச்சிமாகாளியிடம் விசாரித்தார். ஊருக்குப் போனவள் திரும்பி வந்ததும் என்று பதில் கிடைத்தது.

ஒரு மணி பஸ்ஸில் காந்திமதி ஏறினாள். அவளோடு நூற்று இருபத்தேழு குடும்பங்களும் ஏறின. ஏற முடியாதவர்கள் பஸ் கூரையில் உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஆய்வு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஊர்ல ஒருத்தரையும் காணலியே?"

"எல்லாரும் வெளியூர் போயிருக்காங்க சார். வீட்டுச் சாவிய எங்ககிட்டத்தான் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

கோணிப்பையைத் திறந்து காட்டினார்கள். ஆய்வு அதிகாரியின் கண்கள் கலங்கின. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நம்பிக்கையை அவர் பார்த்ததில்லை. தலைமை அலுவலகமும் உங்களை நம்புகிறது என்று தழுதழுத்துச் சொல்லி, தன் ஜீப் சாவியை எடுத்து அந்தப் பைக்குள் போட்டார்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது ஜீப் சாவிக்காகக் கையை நீட்டினார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சார், நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா?" என்றார் ஞானசிகாமணி.

ஆய்வு அதிகாரி வெகுநேரம் யோசித்தார். அவரும் அதே துறையில் வளர்ந்தவர்தான்.

"கேக்கக் கூடாதுதான்," என்று ஒப்புக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். உச்சிமாகாளி குடத்தோடு பின்னாலேயே ஓடினார்.

"சார், நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஜீப்புக்கும் தண்ணி ஊத்தணுமா?"

"காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்," என்று சொல்லிவிட்டு அதிகாரி பஸ் ஏறினார்.