செங்கல்லில் ஏறிய ஆமை

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு மடம். அதற்குத் தலைவி உலகம்மை. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் சீடராகச் சேர வந்த நல்லசிவத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் காதோரம் சிவப்புக் கோடு ஓடும் ஓர் ஆமை.

“எனக்குத் துறவு வேணும், அம்மா.”

“தொட்டியில என்ன?”

“எம் மவன் வளத்தது. ரோட்டுல அடிபட்டுப் போயிட்டான். எனக்கு வேற யாரும் இல்ல.”

“உள்ள வைங்க.”

நல்லசிவம் தன் அறை மூலையில் தொட்டியை வைத்தார். தண்ணீர் மாற்றுவார், தீனி போடுவார், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தியானத்தில் உட்காருவார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆமை தீனியைத் தொடாமல் ஆனது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன.

“அம்மா, இது பிழைக்காது போல. ஆத்துல விட்டுருதேன். பற்றும் போயிரும்.”

உலகம்மை வந்து ஆமையின் ஓட்டை விரலால் அழுத்தினாள். ஓரம் மெத்தென்று அமுங்கியது. “வெயில் படாம ஓடு இளகிட்டு, ஐயா,” என்று தொட்டியை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப் போனாள். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே ஒரு செங்கல்லை வைத்தாள்.

ஆமை கல்லில் கால் வைத்து வழுக்கியது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. நல்லசிவம் கையை நீட்டினார்.

“விடுங்க, ஐயா. ஏறும்.”

ஏறியது. கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. நல்லசிவம் தலையைத் திருப்பினார்.

“ஏன் பாக்க மாட்டேங்கீங்க?”

“அவன் இப்படித்தான் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருப்பான்.”

“நீங்களும் உக்காருங்க.”

உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார்.

அதன்பின் காலைப் பூசை முடிந்தால் அவர் முற்றத்தில்தான் இருந்தார். காக்கை வந்தால் விரட்டினார். மடத்துக்கு வெளியே போய் ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்து வந்தார். துறவு கேட்டு வந்தவர் புழு பிடிக்கிறார் என்று மடத்திலிருந்த மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாள் ஆமை ஒரு புழுகூடத் தின்னாது. அவர் மறுநாளும் மண்ணைக் கிளறினார்.

கோடை தொடங்கியபோது ஆமையின் கண் திறந்திருந்தது. ஓடு இறுகியிருந்தது. ஆமை அவர் விரலையே கவ்வப் பார்த்தது.

உலகம்மை அவரை அழைத்தாள்.

“வெள்ளிக்கிழமை உங்களுக்குத் துறவு. வெறுங்கையோட வாங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் நல்லசிவம் தொட்டியோடு ஆற்றுக்குப் போனார். முழங்கால் தண்ணீரில் நின்றார். இது வெளிநாட்டு ஆமை, ஆற்றில் விட்டால் நம்ம ஊர் ஆமைக்கு இரை மிஞ்சாது என்று மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியே திரும்பி நடந்தார். வேட்டி சொட்டச் சொட்ட உலகம்மையின் முன் வந்து நின்றார்.

“எனக்குத் துறவு வேண்டாம், அம்மா. மன்னிச்சிருங்க.”

“ஏன்?”

“இத ஆத்துல விடக் கூடாது. வேற யார் தலையிலயும் கட்டவும் மனசில்ல. நான் இருக்குத வரைக்கும் நானே பாத்துக்கிடுதேன். மடத்துல இடமில்லன்னா வெளிய போயிருதேன்.”

தொட்டியை அவர் கீழே வைக்கவில்லை.

உலகம்மை உள்ளே போய், மடித்து வைத்திருந்த காவித் துணியை எடுத்து வந்து அவர் தோளில் வைத்தாள்.

“நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேம்லா, அம்மா. இது எதுக்கு?”

“இனிமே வெயில் கூடுதல், ஐயா. தலையில போட்டுக்கிட்டு முற்றத்துல உக்காருங்க.”