ஒன்பது கிளைத் தேர்வு

குழந்தைகளே, பேராறு பாயும் ஒரு காட்டில் பாலம் கட்டக் கற்பிக்கும் கல்லூரி ஒன்று இருந்தது. "எவ்வினத்தாரும் வருக" என்று அதன் வாயிலில் எழுதியிருந்தது. குரங்கு, நண்டு, உடும்பு, முள்ளம்பன்றி, வெள்ளெலி எனப் பலரும் ஆவலோடு சேர்ந்தனர்.

ஆனால், எல்லாருக்கும் தேர்வு ஒன்றே: கிளைக்குக் கிளை தாவ வேண்டும்! ஆண்டுதோறும் கிளைகளின் எண்ணிக்கை கூடும்; தேறாதவர் வீட்டுக்கு அனுப்பப்படுவர். நான்காம் ஆண்டில் குரங்குகளோடு எஞ்சியது, விழுந்து விழுந்து எழுந்து தேறிய ஓர் அலுங்கு மட்டுமே. செதில் போர்த்த அவ்விலங்குக்குக் கறையானே உணவு. அஞ்சினால் பந்தாய்ச் சுருண்டுவிடும்.

ஒன்பது கிளை தாவும் இறுதித் தேர்வன்று ஆற்றில் வெள்ளம் பெருகியது. மேட்டுக்கரைக்குத் தப்பிச் செல்ல, குரங்குகள் கட்டிய கொடிப்பாலத்தின் முன் மான்கள் குட்டிகளோடு திரண்டன. பாலத்தைத் தாங்கிய மருதமரத்தின் அடியில் அலுங்குக்கு நன்கு பழகிய மணம் வீசியது.

கறையான்!

அலுங்கு தயங்கியது. சொன்னால் கல்லூரி முதல்வரான கருங்குரங்கு சினப்பார்; நான்காண்டுப் படிப்பும் போய்விடும். சொல்லாவிட்டால்?

"ஐயா, வேரைக் கறையான் அரித்துவிட்டது."

"மூன்று கிளை தாவுவதற்குள் முப்பது முறை விழுந்தவள், மரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்துவிட்டாள்!" என்று நகைத்தது ஒரு குரங்கு.

"முதலில் ஒன்பது கிளையையும் தாவு, பிறகு வாயைத் திற. இன்னொரு சொல் பேசினால் வீட்டுக்கு நடையைக் கட்டு!" என்று உறுமினார் முதல்வர்.

அலுங்கு சுருண்டுகொண்டது. உள்ளே ஒரே இருள். மண்வழியே கறையான் அரிக்கும் ஒலி நறநறவெனக் கேட்டது. அதனூடே ஒரு மான்குட்டியின் குளம்போசை பாலத்தை நெருங்கியது.

நடுக்கத்தோடே அலுங்கு உடலை விரித்தது. பாய்ந்து சென்று, வேரை நகத்தால் ஒரே கீறு கீறியது! வெண்கறையான் பொலபொலவெனக் கொட்டியது. தாய்மான் அலறிக் குட்டியைப் பின்னுக்குத் தள்ளியது. மரம் முனகிச் சாய்ந்து, பாலத்தோடு வெள்ளத்தில் மறைந்தது.

"இத்தனை பேர் கற்றும் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையே!" என்றார் முதல்வர்.

"வேரைப் பார்க்கக்கூடியவர்களை ஆண்டுதோறும் அனுப்பிவிட்டீர்களே, ஐயா" என்றது அலுங்கு.

வெள்ளம் முதல்வரின் பாதத்தைத் தொட்டது. "நீ தேறிவிட்டாய், அம்மா. உறுதியான மரம் எது? விரைந்து காட்டு!"

அலுங்கு அஞ்சியபடியே மண்ணை மோந்து முன்னே நடந்தது. கொடிகளைச் சுமந்துகொண்டு குரங்குகள் பின்தொடர்ந்தன.

நீதி: வாயிலில் பலரை வரவேற்றால் போதாது, பலரும் தேறி வெளிவர வழிசெய்தால்தான் கல்வி ஊரைக் காக்கும்.