ஃபுல் மீல்ஸ் எம்.பி.ஏ.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூவேந்தர் மெஸ் நடத்தும் தவசிலிங்கம், ஜெயபாண்டி, காசிராஜன் மூவரும் உடன்பிறந்தவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். அவ்வளவெல்லாம் கிடையாது.

இவர்களுடைய அக்கா மகள் மாரீஸ்வரிக்கு அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்தது. போனால் அங்கேதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா இல்லாத பிள்ளை. பணம் கட்ட வேண்டியவர்கள் மாமன்மார். கட்டவும் தயார்தான். ஆனால், அந்த ஊரில் எப்படிக் காசு வாங்குகிறார்கள் என்று புரிந்த பிறகுதான் கட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இவர்களுக்குப் புரிந்து, அவள் விமானம் ஏறி… எனக்கே அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் மூவரும் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அங்க ரெண்டு விதமா பீஸ் வாங்குவாங்க மாமா," என்றாள் மாரீஸ்வரி. "வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு கிரெடிட் கணக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட்னு இருக்கும். எத்தனை கிரெடிட் எடுக்கிறாங்களோ அத்தனைக்குத்தான் காசு. முழுநேரமாப் படிக்கிறவங்களுக்கு டெர்முக்கு ஒரே பீஸ். பாடம் ஒண்ணு ரெண்டு கூட எடுத்தாலும் அதேதான்."

மூவரும் முழித்தார்கள். அவள் சுவரில் இருந்த விலைப்பலகையைக் காட்டினாள். "அளவுச் சாப்பாடு, ஃபுல் மீல்ஸ் மாதிரி மாமா."

மூன்று முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"அந்த மாநிலத்துக்காரங்களுக்கு ரேட்டு கம்மி. நமக்கு ஜாஸ்தி," என்றாள்.

"நாமளும் பஸ் ஸ்டாண்டு கடைக்காரங்களுக்குக் குறைச்சுத்தான வாங்குறோம்," என்றார் காசிராஜன். "நியாயமான ஓனரா இருக்கான்."

ஃபுல் மீல்ஸ் என்று முடிவாயிற்று. பணமும் கட்டினார்கள். அப்புறம்தான் ஜெயபாண்டிக்குப் பெரிய கவலை வந்தது.

"ஃபுல் மீல்ஸுக்குப் போறவன் முதல்லயே வயித்தைக் காயப் போடணும்ணே. இந்தப் பிள்ளை எந்நேரமும் எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கு. தலை நிறைஞ்சு போயி உக்காந்தா, அங்க எதை வாங்கி வைக்கும்?"

"கட்டுன காசு வீணாப் போயிருமே," என்றார் தவசிலிங்கம்.

அன்று தொடங்கியது விரதம். அவளுடைய புத்தகங்கள் அரிசி டிரம்முக்குள் போயின. செய்தித்தாள் நின்றது. கடைத்தெருவுக்குப் போனால் அவள் போர்டுகளைப் படித்துவிடாதபடி சின்ன மாமா காசிராஜன் முன்னால் குடை பிடித்து நடந்தார். மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பாத்ரூமில் உட்கார்ந்து ஷாம்பு பாக்கெட்டில் இருந்ததை எல்லாம் படித்தாள். ஒருவழியாக விமானமும் ஏறினாள்.

முதல் டெர்ம் முடிந்ததும் போன் செய்தாள். "எல்லாப் பாடத்துலயும் பாஸ் மாமா."

இந்தப் பக்கம் மூன்று முகமும் வாடின. கடைசியில் தவசிலிங்கம்தான் கேட்டார். "ஒரே தடவையிலயா தாயி?"

"ஆமா மாமா."

"மறுசோறு வாங்கவே இல்லையா?"

அவளுக்கு விளங்கவில்லை.

"பெயிலானா அதே பாடத்தை இன்னொரு வாட்டி வைப்பாங்கள்ல? அதுக்குத் தனிக் காசா?"

"அதுவும் இதே பீஸுக்குள்ள வந்துரும். ஆனா மாமா…"

"பாத்தீங்களாப்பா," என்று தம்பிகளிடம் திரும்பினார். "சும்மா குடுக்கிறான். வேணாம்னு எந்திரிச்சு வந்திருக்கு."

"கூச்சப்படாமக் கேட்டு வாங்கணும் தாயி," என்றார் ஜெயபாண்டி உருக்கமாக. "நாம என்ன ஓசியிலயா சாப்பிடுறோம்?"

மூவரும் கூடிப் பேசினார்கள். அரை வயிற்றோடு எழுந்திருக்கும் பிள்ளைக்கு ஃபுல் மீல்ஸ் எதற்கு, அடுத்த டெர்முக்கு அளவுச் சாப்பாடே போதும் என்று தீர்ப்பாயிற்று. முழுநேரம் படிக்காவிட்டால் விசா போய்விடும், ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அவள் அழுது பார்த்தாள்.

"வந்துரு தாயி," என்றார் காசிராஜன். "நம்ம மெஸ்ஸுல வயிறார சாப்பிடலாம்."

மறுநாள் மாரீஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "மாமா, சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். ஒண்ணுல பெயில்."

தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுல தாயி?"

"அக்கவுண்டன்சியில."

"நல்ல கனமான ஐட்டமாப் பாத்துத்தான் கேட்டிருக்கா," என்றார் ஜெயபாண்டி.

அன்றைக்கே அடுத்த டெர்ம் பணம் போனது. மெஸ்ஸில் சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் பாயசம் இலவசம். சாயங்காலம் வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் ஏறியது. நடுவில் கோட்டுப் போட்ட மாரீஸ்வரி, சுற்றிலும் கும்பிட்டபடி மூன்று மாமன்கள். மேலே கொட்டை எழுத்தில், 'அமெரிக்காவில் அக்கவுண்டன்சியில் பெயிலாகி அருப்புக்கோட்டைக்குப் பெருமை சேர்த்த எங்கள் குலவிளக்கே!'

கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'வருகிற டெர்மில் அனைத்துப் பாடங்களிலும் பெயிலாக வாழ்த்தும் தாய்மாமன்கள்.'