தண்ணீர்க் கமிட்டித் தேர்தல்

“என்னை யாருமே எதிர்த்துப் பேச மாட்டேங்கிறாங்கம்மா,” என்றார் திருமேனி.

குரு அருளாயி மடத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது தாண்டவில்லை. காலடியில் உட்கார்ந்து புலம்பும் சீடருக்கோ எழுபத்திரண்டு.

லேசுப்பட்ட ஆளா அவர்? சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் உள்துறை மந்திரி. அப்போது ஓட்டு என்றால் கூட்டத்தில் கை தூக்குவதுதான். தூக்காதவனை மறுநாள் ஊரில் பார்க்க முடியாது. ஏழு தேர்தலிலும் ஒரு கை குறையாமல் ஜெயித்தார்.

ஆட்சி கவிழ்ந்தது. ஜனங்கள் வீதியில் ஆடினார்கள். திருமேனி எட்டு வருஷம் ஜெயிலில் கிடந்து, உண்மையாகவே திருந்தி, சொந்த ஊருக்குத் திரும்பினார். ஊர்தான் நம்பவில்லை. கொளுத்துகிற வெயிலை அவர் மழை என்றாலும், “ஆமாங்கய்யா” என்று குடையை விரித்தது.

“மன்னிக்கக்கூட வேணாம். மூஞ்சிக்கு நேரா ஒருத்தர் திட்டினாப் போதும். அதைக் கேக்காமலே செத்துருவேனோன்னு பயமா இருக்கு.”

“ஊர்ல ஏதாச்சும் தேர்தல் வருதா?”

“தண்ணீர்க் கமிட்டித் தலைவர் பதவிக்கு வருது. கை தூக்குற ஓட்டுதான்.”

“நில்லுங்க. தோத்துட்டு வாங்க.”

அடுத்த மாதம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஜெயிச்சுட்டேன்.”

“எத்தனை ஓட்டு?”

“எண்பத்திமூணுக்கு எண்பத்திமூணு. எதிர்த்து நின்ன மாவு மில் செங்கமலமே எனக்குத்தான் கை தூக்குச்சு. அதோட அண்ணன் நான் அனுப்பின ஜெயில்லதான் செத்தான்.”

அருளாயி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

“கை தூக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“முன்னாடி, நாற்காலியில.”

“என்ன பண்ணினீங்க?”

“யார் யார் தூக்குறாங்கன்னு பார்த்து...”

பாதியிலேயே அவருக்கு உறைத்தது. பாழாய்ப்போன பழக்கம், எட்டு வருஷ ஜெயிலுக்கும் அசையவில்லை.

அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். மறுதேர்தல் வைத்தார்கள்; அதிலும் நின்றார்.

இந்த முறை நாற்காலியை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் துண்டை அவிழ்த்துக் கண்ணையும் கட்டிக்கொண்டார்.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

“பாவி, எங்கண்ணனை என்னடா பண்ணினே?”

செங்கமலத்தின் குரல். அப்புறம் அவள் நிறுத்தவில்லை. பத்து வருஷமாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. அவளோடு இன்னொருத்தி, பிறகு நாலு பேர், பிறகு மண்டபமே. திருமேனி துண்டு நனைய நனைய நின்றார். மனசு இப்படி நிறைந்து எத்தனை காலமாயிற்று!

திட்டி ஓய்ந்தபின் கைகளை எண்ணினார்கள். செங்கமலம் தலைவியானாள். அவளை யாரோ தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பட்டாசு வெடித்தது.

திருமேனி ஏழு மைல் நடந்தே மடத்துக்கு வந்தார். வாசலிலேயே கத்தினார்.

“தோத்துட்டேம்மா!”

“உங்களுக்கு எத்தனை ஓட்டு?”

“ஒம்பது.”

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“ஒம்பது பேரும்மா. நான் பார்க்காதப்போ தூக்கியிருக்காங்க. என் ஆயுசுலயே இப்பத்தாம்மா ஓட்டு வாங்கியிருக்கேன்.”