ஏழாவது காவல் இடம்

நாவல் குட்டைக் காட்டில் காவலுக்கு மொத்தம் ஏழு இடங்கள். ஆறில் கருமந்திகள் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருந்தன. ஏழாவது இடத்தில், குட்டைக் கரையில், குறுணி என்ற, முயலளவே உயரமுள்ள சருகுமான் நின்றது. நின்றது என்றா சொன்னேன்? தப்பு. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் கால் தரிக்காமல் தவித்துக்கொண்டிருந்தது.

தவிக்காமல் என்ன செய்யும்? அன்று சாயங்காலம் கூட்டம். குறுணியின் இடம் இருக்குமா, போகுமா என்று அதில்தான் முடிவாகும்.

அந்தக் காட்டில் காவல் வேலைக்கு ஒரே ஒரு பரீட்சைதான். மரம் ஏற வேண்டும். உயரமாக ஏறுகிறவருக்கு இடம். கேட்டால் தகுதி என்பார்கள். முயலும் கீரியும் சருகுமானும் எந்தக் காலத்தில் மரம் ஏறின? வருஷா வருஷம் தோற்று, வாய் வலிக்கச் சண்டை போட்டு, போன மழைக்குத்தான் தரையில் வாழ்கிறவர்களுக்கென்று ஒரே ஒரு இடத்தை ஒதுக்கி வாங்கினார்கள். அதில் குறுணி வந்தது.

வந்த நாளிலிருந்து நிம்மதி ஏது? எதிர்மரத்தில் துடுக்கன் என்ற இளம் மந்தி உட்கார்ந்துகொண்டு, "ஒதுக்கீட்டு அம்மா வந்தாச்சு, எல்லாரும் வழி விடுங்க" என்று தினமும் வம்புக்கிழுக்கும். சும்மா சொல்லக் கூடாது, அதன் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. ராப்பகலாகப் பழகிப் பரீட்சையில் ஏழாவதாக வந்தது அது. முந்தின வருஷமாக இருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

இடம் கொடுத்தார்களே தவிர, கூடவே ஒரு விதியையும் வைத்தார்கள். மந்தி குரல் கொடுத்தால் காடே ஓடும். குறுணி காலால் தரையைத் தட்டினால் மட்டும் யாரும் ஓடக் கூடாது. மேலே இருக்கும் மந்தி ஒன்று பார்த்து "ஆமாம்" என்று சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். இதுவரை இரண்டு தடவை தட்டியாயிற்று. இரண்டு தடவையும் மந்திகள் எட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றுவிட்டன.

"மூணாவது தடவையும் பொய்யானால் இந்த ஏற்பாடே வேண்டாம். அந்த இடத்தைத் துடுக்கனுக்குக் கொடுத்துவிடலாம்" என்று மந்திகளின் தலைவர் உச்சாணியார் சொல்லியிருந்தார்.

அதனால் கூட்டம் முடிகிறவரை வாயையும் காலையும் கட்டிக்கொண்டு இருப்பது என்று குறுணி முடிவு செய்திருந்தது.

அப்போது பார்த்துக் காற்று திரும்பியது. உண்ணிச்செடிப் புதர் பக்கமிருந்து செந்நாய் வாடை!

குட்டையில் புள்ளிமான்கள் குட்டிகளோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தட்டினால் இடம் போகும். நம்மோடு போகுமா? முயலுக்கும் கீரிக்கும் கிடைத்த ஒரே இடமும் சேர்ந்தல்லவா போகும்? இரண்டடி முன்னே போயிற்று, இரண்டடி பின்னே வந்தது. ஒரு சின்ன மான்குட்டி முன்னங்கால்களை மடக்கித் தண்ணீரில் மூக்கை வைத்தது. அதற்கு மேல் குறுணிக்குப் பொறுக்கவில்லை. டக் டக் டக்கென்று தட்டிவிட்டது.

மான்கள் தலையைத் தூக்கின. ஓடவில்லை. மேலே பார்த்தன.

உச்சாணியார் கிளையில் எழுந்து நின்று பார்த்தார். எங்கு பார்த்தாலும் பச்சை இலைதான். "ஒன்றுமில்லை, குடியுங்கள்" என்றார். மான்கள் மறுபடி குனிந்தன.

"போச்சு உன் இடம்" என்று துடுக்கன் சிரித்தது.

குறுணிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் மூளை வேலை செய்தது. "போகட்டும். நீ இறங்கி வந்து நான் நிற்கிற இடத்தில் நின்று ஒரு தடவை பார்" என்றது.

"எதுக்கு?"

"சாயங்காலம் எனக்கு எதிராகப் பேசத்தானே போகிறாய்? மரத்திலிருந்து பார்த்தேன் என்பதைவிட, இறங்கியே போய்ப் பார்த்தேன் என்றால் எடுபடுமே."

துடுக்கனுக்கு அது பிடித்துவிட்டது. குதித்து வந்தது.

"குனி. இன்னும் குனி. தாடை மண்ணில் படட்டும்."

குனிந்து பார்த்தது. புதரின் அடியில் இலை கிடையாது, வெறும் தண்டுதான். அந்தத் தண்டுகளுக்கு நடுவே செவேலென்று கால்கள். நாலு, எட்டு, பன்னிரண்டு. எல்லாம் இந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன.

துடுக்கன் போட்ட கூச்சலில் காடே கிடுகிடுத்தது. மான்கள் சிட்டாய்ப் பறந்தன. செந்நாய்கள் பாய்ந்து வந்தபோது கரையில் ஈரக் குளம்படிகள்தான் இருந்தன. குறுணி ஒரு வேர்ப்பொந்துக்குள் புகுந்துகொண்டது. துடுக்கன் மரமேறுவதற்குள் வால்நுனி மயிரைப் பறிகொடுத்தது.

சாயங்காலம் கூட்டம் கூடியது. "பார்த்தீர்களா தகுதியை? துடுக்கன் ஒரே குரலில் எல்லோரையும் காப்பாற்றிவிட்டான். ஏழாவது இடம் இனி அவனுக்கே" என்றார் உச்சாணியார். மந்திகள் கிளையை ஆட்டி ஆரவாரித்தன.

துடுக்கனோ இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. கடைசியில் வாயைத் திறந்தது.

"எனக்கு இடம் வேணும்தான். இப்பவும் வேணும். அதுக்காக இதை மறைக்க முடியாது. அவள் முதலில் தட்டினாளே, அப்போதே மான்கள் ஓடியிருக்கலாம். அவள் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். நான் சொன்னதும் ஓடினீர்கள்."

உச்சாணியார் செருமினார். "அவள் இதுக்கு முன்னாடி இரண்டு தடவை பொய்யாகத் தட்டினாளே?"

முயல்களின் கூட்டத்திலிருந்து ஒரு தாய்முயல் எழுந்தது. "இரண்டாவது தடவை தட்டிய அன்றைக்குத்தான் என் குட்டி போச்சு. நான் ஓடத்தான் எழுந்தேன். நீங்கள் ஒன்றுமில்லை என்றதும் உட்கார்ந்துவிட்டேன்."

உச்சாணியார் மரத்திலிருந்து இறங்கி வந்து முயலின் எதிரே நின்றார். பிறகு, "இனிமேல் குறுணி தட்டினால் ஓடுங்கள். யாரும் மேலே பார்க்க வேண்டாம்" என்றார்.

ஒருவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு அவர் சொல்லை நம்ப மறுத்தால், அது இடமே கொடுக்காததற்குச் சமம்.