முதல் வாய் கன்றுக்கு

கொற்றலூர்த் துறைமுகத்தில் யார் புதிதாகக் கடை போட வந்தாலும், பந்தல்கால் நடுவதற்குள் வரி கேட்டு நிற்பார் அமைச்சர் அகோரமூர்த்தி. வந்தவர்கள் மூட்டையைக்கூட அவிழ்க்காமல் திரும்பிப் போனார்கள். கஜானா வறண்டது. அடுத்து, அமைச்சரின் கண் அரண்மனைத் தொழுவத்தில் விழுந்தது.

"கன்று குடிப்பதும் அரசாங்கப் பால்தான். இனி அதற்கு ஒரு சொட்டு விட்டாய், உன் வேலை போச்சு!" என்று பால் கறக்கும் கோனாத்தாளை மிரட்டினார்.

மறுநாள் செம்பு காலி. அரசரே விசாரிக்க வந்துவிட்டார்.

"என் கைக்கு ராசி இல்லை போல சாமி. அமைச்சர் ஐயாவே கறந்து காட்டட்டும்," என்றாள் கோனாத்தாள்.

அமைச்சர் குந்தி உட்கார்ந்து காம்பை இழுத்தார். மாடு விட்ட உதையில் சாணத்தில் போய் விழுந்தார். கோனாத்தாள் கன்றை அவிழ்த்துவிட்டாள். அது நாலு வாய் முட்டிக் குடித்ததும் மடி சுரந்தது. உடனே கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, செம்பு நுரைக்க நுரைக்கக் கறந்தாள்.

"துறைமுகமும் இப்படித்தான் சாமி. புது வியாபாரிக்கு ரெண்டு வருசம் வரியை விட்டுக்கொடுங்க, அப்புறம் தானா சுரக்கும்."

சாணத்தைத் துடைத்தபடி அமைச்சர் சீறினார்: "கன்றே முழுசையும் குடித்துவிட்டால்?"

"அதுக்குத்தானே ஐயா, கயிறு நம்ம கையில இருக்கு!"