துருவத்து ஓட்டை

தார் உருகும் வெயிலில், சென்னையில் உட்கார்ந்துகொண்டு வடதுருவத்துப் பனியை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். செயற்கைக்கோள் மேலேயிருந்து பார்த்து அனுப்பும். கடலில் எவ்வளவு இடத்தைப் பனி மூடியிருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு சுருங்குகிறது என்று இவர்கள் கணக்கெடுப்பார்கள்.

அதில் கெட்டிக்காரர் ஜுலைகா. அவரிடம் வேலை பழக வந்தவர் ஆரோக்கியதாஸ், நாகப்பட்டினத்துக்காரர். இயற்பியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, பனிமேல் பைத்தியமாகி வந்து சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. அதனால் இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். ஒரு வம்பும் இல்லை.

ஒரு நாள் மதியம், மாதக் கணக்கை அனுப்ப வேண்டிய நேரத்தில், தாஸ் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“மேடம், இதுல நான் கை வைக்க மாட்டேன்.”

“என்ன ஆச்சு சார்?”

திரையில் பனிக்கு நட்டநடுவே, துருவத்தின் உச்சியில், கறுப்பாக ஒரு வட்டம். செயற்கைக்கோள் உச்சிக்கு நேர் மேலே போவதில்லை, கொஞ்சம் ஒதுங்கித்தான் சுற்றும். அந்த இடம் மட்டும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

“இந்த ஓட்டையை அது பார்க்கவே இல்ல. நீங்க முழுசும் பனின்னு சேர்க்கச் சொல்றீங்க. பார்க்காததை இருக்குன்னு எழுதினா அது பொய் இல்லையா?”

“ஓட்டையை விடுங்க. அதோட விளிம்பைச் சுத்திப் பாருங்க. என்ன இருக்கு?”

“பனி.”

“எங்கேயாவது தண்ணி?”

தாஸ் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “ஒரு பொட்டு இல்ல.”

“விளிம்புல தண்ணி தெரியிற அன்னைக்கு வாங்க, மாத்தி எழுதுவோம்.”

தாஸுக்கு மனசு ஆறவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் போன் அடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து சித்தி.

“நான் போகல சித்தி... டாக்ஸி பிடிச்சு வரச் சொல்லு. வழி கேட்டு வரத் தெரியாதா அவங்களுக்கு?” என்று படக்கென்று போனை வைத்தார்.

ஜுலைகா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

“அம்மா வர்றாங்க மேடம். குவைத்துல வீட்டு வேலைக்குப் போனவங்க. ஒரேயடியா வர்றாங்களாம், சாயங்காலம் பிளைட். இனிமே எங்கூடத்தான் இருக்கணுமாம்.”

“சந்தோஷம்தானே?”

“என்ன சந்தோஷம்? என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துட்டுப் போனாங்க. எப்பவாவது லீவுல வருவாங்க, பெட்டியைப் பிரிக்கிறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும். எனக்கு அம்மை போட்டப்ப இல்ல. கல்யாணத்துக்குக்கூட இல்ல. வளர்த்ததெல்லாம் சித்திதான். அவங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க?”

“ஏதாவது அனுப்புவாங்களா?”

“செருப்பு! வருஷா வருஷம் செருப்பு. வேற ஒண்ணும் தோணாது அவங்களுக்கு.”

“சரியா இருக்குமா?”

“எது?”

“செருப்பு. உங்க காலுக்கு.”

தாஸ் யோசித்தார். “இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல.”

“வளர்ற பிள்ளையோட காலாச்சே. அங்கேயிருந்து எப்படித் தெரிஞ்சுது?”

“சித்தி என் காலைப் பேப்பர்ல வெச்சு, பென்சிலால சுத்திக் கோடு போட்டு அனுப்பும். கூசும். நான் நெளிவேன், நங்குன்னு ஒரு குட்டு விழும்.” தாஸ் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். பிறகு குரல் தணிந்தது. “அம்மா அந்தக் கோட்டைவிட ஒரு விரக்கடை கூட்டி வாங்குவாங்களாம். ஊருக்கு வர்ற யார்கிட்டயாவதுதான் குடுத்தனுப்பணும், அது வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை வளர்ந்திருப்பான்னு சொல்லுவாங்களாம்.”

ஊரெல்லாம் அவரே கேலியாகச் சொல்லித் திரிந்த கதைதான். இன்றைக்குத்தான் அது அவர் காதிலேயே விழுந்தது. அழுகை வந்தது, அழுதார். ஜுலைகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து தாஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு கீபோர்டை இழுத்தார். கறுப்பு வட்டத்தைப் பனியோடு சேர்த்தார். கணக்கை அனுப்பினார். சித்திக்குப் போன் போட்டு, “நானே போறேன்” என்றார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“ரொம்ப நன்றி மேடம்.”

“எனக்கு எதுக்கு? போய் அவங்ககிட்ட சொல்லுங்க.”

“வெறுங்கையோட எப்படிப் போறது? என்ன வாங்கிட்டுப் போகட்டும்?”

“செருப்பு.”

அட, இது நமக்குத் தோணலையே என்று தலையாட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் வேகமாகப் போனார் தாஸ். அங்கே நின்றுவிட்டார். மெல்லத் திரும்பினார்.

“மேடம், அவங்க கால் அளவு...”

குனிந்து தன் காலையே பார்த்தார்.

ஜுலைகா பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, பென்சிலோடு நீட்டினார்.

“உங்களுக்கென்ன சார், கொடுத்துவெச்சவரு. நீங்க பக்கத்துல உக்காந்தே அளக்கலாம்.”